செவிலியர் நடத்தும் சுகாதார நிலையம்

காரைக்கால் பகுதியில், நெடுங்காடு கொம்யூனைச் சேர்ந்த குரும்பகரத்திற்கு அண்மையில் பணி நிமித்தம் சென்றிருந்தோம். சம்பா அறுவடை முடிந்து, களத்து மேட்டில் வைக்கோற்போர் எழும்பிக்கொண்டிருந்த நேரம். வாய்க்கால் மதகைப் பற்றிப் பேசவே போனோம். பேச்சு எவ்வாறோ மருத்துவத்தில் வந்து நின்றது. காலில் துணிக்கட்டுடன் திண்ணையில் அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர் கேட்டார்: "டவுனுல இருக்கறவங்களுக்கு டாக்டரு, சேத்துல நிக்கிற நமக்கு நர்சம்மாவே போதும்னு வச்சுட்டாங்களா ஐயா?"

அங்கிருந்தோர் நகைத்தனர். நாம் நகைக்கவில்லை. நாட்டில் பல்லாயிரம் கிராமங்களில் இன்று முதல் மருத்துவ உதவியைத் தலைமை தாங்கி நடத்துபவர் ஒரு செவிலியரே. அது கிராமத்தானுக்கு இரண்டாந்தரச் சோறு பரிமாறும் ஏற்பாடா, அன்றி அவனுக்கு உண்மையில் வேண்டிய ஏற்பாடா என்பதைப் பஞ்சாயத்து உறுப்பினர் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்வது அவசியம். அதனை இயன்றவரை இங்கு விளக்க முற்படுகின்றோம்.

முதலில் பெரியவரின் காலுக்கு வருவோம். நடவின்போது சேற்றில் கிடந்த நத்தை ஓடு குத்தியது. வலி தெரியவில்லை. வலி தெரியாததே அவருடைய நோய். சர்க்கரை நோய் நெடுங்காலம் கட்டுப்படாமல் இருப்பின் பாதத்து நரம்புகள் உணர்ச்சி இழக்கின்றன; முள் தைத்தாலும், ஓடு கிழித்தாலும் மூளைக்குச் செய்தி போவதில்லை. புண் சேற்றுநீரில் ஊறிப் பெரிதாகி, வீட்டார் நாற்றத்தால் கண்டுபிடிக்கும்வரை வளர்கின்றது. இவருக்குச் சர்க்கரை இருப்பது ஏற்கெனவே தெரியும். மூன்று மாதம் மாத்திரை உண்டார், உடம்பு நன்றாக இருப்பதாகத் தோன்றியது, நிறுத்திவிட்டார். ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டோம். மாத்திரைக்குப் போனால் ஒரு நாள் வேலை போகிறது என்றார்.

இவ்விடை சிந்திக்கத்தக்கது. மாதம் ஒருமுறை மாத்திரை வாங்கப் பட்டணம் செல்பவர் ஆண்டில் பன்னிரண்டு நாள் கூலியை இழக்கின்றார். நடவுக்காலத்திலும் அறுப்புக்காலத்திலும் அந்நாளை எவரும் விட்டுக்கொடார். ஆகவே அவருக்கு இல்லாதிருந்தது டாக்டரின் அறிவு அன்று. அது காரைக்காலில் உண்டு. அரசினர் பொது மருத்துவமனையும், 2016 முதல் ஜிப்மர் மருத்துவக் கல்லூரியின் கிளையும் காரைக்காலில் இயங்குகின்றன. அவருக்கு இல்லாதிருந்தது, மாதந்தோறும் நடந்து சென்று பார்க்கும் தூரத்தில், தம்மைப் பெயர் சொல்லி அறிந்த ஒருவர், "இம்மாதம் ஏன் வரவில்லை?" என்று கேட்கும் ஏற்பாடே ஆகும்.

இந்த ஏற்பாட்டின் வரலாற்றைச் சிறிது காண்போம். 1946ஆம் ஆண்டு ஜோசப் போர் தலைமையிலான குழு இந்நாட்டின் சுகாதார நிலையை ஆராய்ந்து அறிக்கை தந்தது. அப்போது பதிவு பெற்ற மருத்துவர் ஏறத்தாழ 47,500 பேர். அவர்களுள் பட்டதாரிகள் 18,000 பேருக்கும் குறைவு, எஞ்சியோர் எல்.எம்.பி. போன்ற குறுகிய படிப்பு முடித்தவர்கள். நம் தாத்தாக்கள் "டாக்டர்" என்று அழைத்து வணங்கியவர்களில் பெரும்பாலோர் இவர்களே. செவிலியர் நிலையோ மிகப் பரிதாபம்: சுமார் 43,000 மக்களுக்கு ஒருவர் வீதமே இருந்தனர். குறுகிய படிப்பை நிறுத்திவிட்டு, ஒரே தரமான பட்டதாரி மருத்துவரை மட்டும் உருவாக்குவது என்று குழுவின் பெரும்பான்மையோர் முடிவு செய்தனர். உறுப்பினர் சிலர் அதனை ஏற்காது மாறுபட்ட கருத்தும் எழுதி வைத்தனர். கிராமத்திற்குப் பட்டதாரி டாக்டர் போதுமான அளவு வந்து சேரும்வரை இடைவெளியை யார் நிரப்புவது என்பதே அவர்களது கவலை. எழுபது ஆண்டுக்கும் மேல் கழித்துப் பார்க்குங்கால் அக்கவலை வீண் என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை.

போர் குழுவின் ஆய்வெல்லைக்குள் காரைக்கால் அடங்கவில்லை. அன்று இப்பகுதி பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. 1954 நவம்பர் 1ஆம் நாளுக்குப் பின்னர் இங்கும் ஆரம்ப சுகாதார நிலைய முறையே வேரூன்றியது. அம்முறை 1952 அக்டோபர் 2இல் தொடங்கிய சமுதாய வளர்ச்சித் திட்டத்துடன், வட்டாரத்திற்கு ஒன்று என்ற கணக்கில் பிறந்ததாகும். வட்டார வளர்ச்சி அலுவலகமும் ஆரம்ப சுகாதார நிலையமும் உடன்பிறந்தவை என்று எம் அலுவலகத்து மூத்தோர் சொல்வதுண்டு.

இன்றைய விதிப்படி, சமவெளியில் 5,000 மக்களுக்கு ஒரு துணை சுகாதார நிலையம், 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம், 1,20,000 பேருக்கு ஒரு சமுதாய சுகாதார நிலையம் இருத்தல் வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தின் தலைவர் எம்.பி.பி.எஸ். பட்டம் பெற்ற மருத்துவ அலுவலர். துணை நிலையத்திலோ நெடுங்காலமாகத் தாய்சேய் நலம் பேணும் செவிலியர் ஒருவரே பணியாற்றினார்; தடுப்பூசி, கர்ப்பிணிகளின் பதிவு, குடும்பநலம் ஆகியவையே அவர் வேலை. நாற்பது வயது ஆடவன் ஒருவன் அந்நிலையத்தின் படியை மிதிக்கக் காரணமே இல்லாதிருந்தது. அவனுக்குத்தான் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் வந்தன!

இக்குறையைப் போக்க, 2017ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கொள்கையை அடுத்து, 2018இல் துணை நிலையங்களை நலவாழ்வு மையங்களாக மாற்றும் திட்டம் வந்தது. முதல் மையம் 2018 ஏப்ரல் 14 அன்று சத்தீஸ்கர் மாநிலம் பிஜாப்பூர் மாவட்டத்தின் ஜாங்லா என்னும் சிற்றூரில் திறக்கப்பட்டது. 2023 இறுதியில் இவற்றிற்கு ஆயுஷ்மான் ஆரோக்கிய மந்திர் எனப் புதுப்பெயர் சூட்டப்பட்டது. பெயர் எதுவாயினும் ஆகுக. புதுமை யாதெனில், ஒவ்வொரு துணை நிலையத்திற்கும் சமுதாய சுகாதார அலுவலர் என்னும் ஒரு தலைவரை வைத்ததே. தமிழ்நாட்டில் இவரை இடைநிலை சுகாதாரப் பணியாளர் என்பர். பெரும்பாலும் செவிலியர் பட்டமோ பட்டயமோ பெற்றவர். சில மாநிலங்களில் ஆயுர்வேதப் பட்டதாரிகளும் உண்டு. அதன்மேல் ஆறு மாத காலம் சமுதாய சுகாதாரத்தில் தனிப் பயிற்சி பெறுகின்றனர். இப்பாடம் பிற்காலத்தில் பி.எஸ்ஸி. செவிலியர் படிப்பிலேயே சேர்க்கப்பட்டது. முன்பிருந்த கிராமச் செவிலியர் விலக்கப்படவில்லை. அவர் இவருடன் சேர்ந்து பணியாற்றுகின்றார்.

அவர் செய்வது என்ன?

முப்பது வயது கடந்த அனைவருக்கும் இரத்த அழுத்தம், சர்க்கரை, வாய்ப்புற்று ஆகியவற்றிற்கும், பெண்களுக்கு மார்பகப் புற்று, கருப்பைவாய்ப் புற்று ஆகியவற்றிற்கும் சோதனை செய்வது முதற்பணி. சளி, காய்ச்சல், வயிற்றுப்போக்கு, சிரங்கு, சிறு காயம் ஆகியவற்றிற்கு மருந்து தருவதும், முதியோரையும் படுத்த படுக்கையாய் இருப்போரையும் வீட்டில் சென்று பார்ப்பதும் உண்டு. ஆயினும் இவற்றிலெல்லாம் பெரியது நாட்பட்ட நோயாளியைக் கைவிடாது தொடர்வதே.

அதன் முறை இது. சோதனையில் சர்க்கரை மிகுந்திருப்பின் செவிலியர் நோயாளியை ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரிடம் அனுப்புகின்றார். நோயை உறுதி செய்து இன்ன மருந்து, இவ்வளவு என்று எழுதுவது டாக்டர். அதன் பின்னர் ஒவ்வொரு முப்பது நாளுக்கும் மாத்திரை வாங்க டாக்டரிடம் ஓட வேண்டியதில்லை. ஊர் மையத்திலேயே செவிலியர் அளந்து பார்த்து, மாத்திரை தந்து, அட்டையில் எழுதி அனுப்புவார். கணக்கு ஏறியிருந்தால், அல்லது காலில் மரத்த இடம் தென்பட்டால், மறுபடி டாக்டரிடம் அனுப்புவார். இடையில் ஐயம் எழுந்தால் 2019 நவம்பரில் தொடங்கப்பட்ட இ-சஞ்சீவனி ஏற்பாட்டின் வாயிலாக, நோயாளியை அருகில் அமர்த்திக்கொண்டே டாக்டரைத் திரையில் கண்டு பேசலாம்.

பாதத்தைப் பார்ப்பது என்றோம். செருப்பைக் கழற்றச் சொல்லி, விரலிடுக்குகளைப் பிரித்துப் பார்த்து, மெல்லிய நைலான் இழையால் உள்ளங்காலில் ஆங்காங்கே தொட்டு, தெரிகிறதா என்று கேட்பதுதான் அச்சோதனை. சில நிமிடங்களே பிடிக்கும். வெளிநோயாளி வரிசை வாசல்வரை நிற்கும் மருத்துவமனையில் டாக்டர் ஒருவர் ஒவ்வொருவருக்கும் இதனைச் செய்வாரென நாம் எதிர்பார்ப்பது நியாயமன்று. செவிலியர் செய்யலாம். வெறுங்காலுடன் சேற்றில் உழைப்போர் வாழும் இவ்வட்டாரத்தில் இச்சோதனை பல கால்களைக் காக்க வல்லது.

காரைக்காலைச் சூழ்ந்த தமிழ்நாட்டு ஊர்களில் இதனினும் ஒரு படி சென்றுள்ளனர். 2021 ஆகஸ்டு 5இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், மகளிர் சுய உதவிக் குழுக்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட தன்னார்வலர் வீட்டு வாசலுக்கே மாத்திரையைக் கொண்டுசெல்கின்றனர். இதற்கு 2024இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதும் கிடைத்தது.

அவர் செய்யலாகாதது எது?

இதனை அறியாவிடில் மேற்சொன்ன நன்மை தீமையாக முடியும். நம் டெல்டாவில் பாம்புக்கடி புதிதன்று. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குமே உயிர்கொல்லிகள். கட்டுவிரியன் இரவில் தரையில் படுத்துறங்குவோரைக் கடிக்கும். கடிவாய் கண்ணுக்குத் தெரியாமலும், வலி இல்லாமலும் இருக்கலாம். விடியற்காலையில் வயிற்றுவலி என்பான். இமை தானே சரியும். இத்தகையவனைச் செவிலியர் மையத்தில் வைத்துக் காத்திருத்தல் கூடாது. விஷமுறிவு மருந்தும், மூச்சுத் திணறினால் தாங்க வசதியும் உள்ள மருத்துவமனைக்கு உடனே செல்லல் வேண்டும். கடித்த இடத்தைக் கீறுதல், இறுகக் கட்டுதல், மந்திரிக்கக் கொண்டுபோதல் மூன்றும் நேரத்தைத் தின்பவை. கை அல்லது காலை அசையாது வைத்து, 108 வண்டியை வரவழைத்து, மருத்துவமனைக்கு முன்கூட்டியே தொலைபேசியில் அறிவிப்பதே செவிலியர் கடமை.

நெஞ்சுவலியும், ஒரு பக்கம் கை கால் விழுவதும் அவ்வாறே. கர்ப்பிணிக்கு முகமும் கையும் வீங்கி, தலைவலியுடன் இரத்த அழுத்தம் ஏறினால் அன்றைக்கே அனுப்பல் வேண்டும்; நாளைப் பார்க்கலாம் என்பதற்கில்லை. மழைவெள்ளம் வடிந்த பின் வரும் காய்ச்சலையும் இங்குச் சேர்த்துச் சொல்லவேண்டும். எலியின் சிறுநீர் கலந்த நீர் பாதவெடிப்பின் வழியே உடம்பில் நோய்க்கிருமியைச் செலுத்துகின்றது. கெண்டைக்கால் வலியும், கண்சிவப்பும், கடுங்காய்ச்சலும் கண்டால் எலிக்காய்ச்சலோ என்று ஐயுற வேண்டும். தொடக்கத்தில் எளிய மருந்துக்குக் கட்டுப்படும், மஞ்சள் காமாலை கண்டபின் சிறுநீரகத்தையே கெடுக்கும். இதனை ஐயுறுவது செவிலியர். முடிவு செய்வது டாக்டர். "இரண்டு நாள் ஊசி போட்டுப் பார்ப்போம்" என்னும் பழக்கத்திற்கு ஊர்மக்களே செவிலியரை நெருக்குகின்றனர் என்பதையும் நாம் கண்டுள்ளோம். ஊசி போடாத நர்சம்மா கெட்டிக்காரி அல்லள் என்ற எண்ணம் ஒழிதல் வேண்டும்.

ஆக, நல்ல செவிலியருக்கு அடையாளம் எத்தனை பேருக்கு மருந்து கொடுத்தார் என்பது மட்டுமன்று. யாரை, எந்த நேரத்தில் அனுப்பினார் என்பதும் ஆகும்.

பிற இடங்களில் கண்டது

செவிலியரால் இது முடியுமா என்ற கேள்வி உலகிற்குப் புதிதன்று. அமெரிக்காவின் கொலராடோவில் 1965ஆம் ஆண்டு லொரெட்டா ஃபோர்டு என்னும் செவிலியரும் ஹென்றி சில்வர் என்னும் குழந்தை மருத்துவரும் சேர்ந்து, செவிலியருக்கு மேற்பயிற்சி அளித்து நோயாளிகளைத் தாமே பார்க்கச் செய்தனர். கனடாவின் பர்லிங்டன் நகரில் 1971-72இல் ஒரு சோதனை நடத்தினர். ஒரே மருத்துவகத்திற்கு வரும் குடும்பங்களைச் சீட்டுக் குலுக்குவது போலப் பிரித்து, ஒரு பகுதியினரை டாக்டரிடமும், மற்றவரைப் பயிற்சி பெற்ற செவிலியரிடமும் விட்டனர். ஓராண்டு முடிவில் இரு சாராரின் உடல்நலத்திலும் வேறுபாடு காணப்படவில்லை. செவிலியரிடம் வந்தவற்றில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை அவர் டாக்டரைக் கேளாமலே முடித்தார். எஞ்சியவற்றிற்கு டாக்டரைக் கலந்தார். இன்று அமெரிக்க மாநிலங்களில் பாதிக்கும் மேற்பட்டவை இத்தகைய செவிலியர் தாமே மருத்துவகம் நடத்த இடம் தருகின்றன.

இதைப் படித்துவிட்டு நம் ஊர்ச் செவிலியரும் அவரும் ஒன்றே எனக் கொள்ளுதல் தவறு. அங்குள்ளவர் செவிலியர் பட்டத்தின் மேல் முதுநிலைப் பட்டமும் பெற்றவர். நமது பணியாளர் பெறும் கூடுதல் பயிற்சி ஆறு மாதம். இருவருக்கும் ஒரே அளவு அதிகாரம் கேட்பது நியாயமாகாது.

நம் நாட்டிலேயே இதற்கு ஒரு சான்று உண்டு. சத்தீஸ்கர் மாநிலம் 2001இல் கிராமத்திற்கென மூன்றாண்டு மருத்துவப் படிப்பு ஒன்றைத் தொடங்கியது. மருத்துவர் சங்கங்களின் எதிர்ப்பினாலும் பிற சிக்கல்களாலும் அது சில ஆண்டுகளிலேயே நின்றது. ஆயினும் படித்தவர்கள் ஆரம்ப சுகாதார நிலையங்களில் அமர்த்தப்பட்டனர். பின்னர் ஆராய்ந்தபோது, கிராமத்தில் வழக்கமாக வரும் நோய்களைக் கண்டறிவதில் அவர்கள் எம்.பி.பி.எஸ். டாக்டர்களுக்குச் சமமாக இருந்தனர். அதே ஆய்வில், தனிப்பயிற்சி இன்றி டாக்டர் இல்லாத நிலையங்களைத் தாங்கிய செவிலியரும் மருந்தாளுநரும் பின்தங்கியிருந்தனர். இரண்டையும் சேர்த்தே நாம் படிக்க வேண்டும். பெயர்ப்பலகையில் என்ன பட்டம் என்பதைவிட, இன்ன வேலைக்கென்று பயிற்றுவிக்கப்பட்டாரா என்பதே முடிவை மாற்றியது.

மருத்துவர்களின் எதிர்ப்பை வெறும் பொறாமை என்று தள்ளுதலும் சரியன்று. 2019ஆம் ஆண்டின் தேசிய மருத்துவ ஆணையச் சட்டம், 32ஆம் பிரிவில், இடைநிலைப் பணியாளருக்கு வரம்புக்குட்பட்ட உரிமம் வழங்க இடம் தந்தபோது டாக்டர்கள் நாடெங்கும் போராடினர். அப்பிரிவின்படி ஆரம்பநிலை, நோய்த்தடுப்பு மருத்துவத்தில் குறிப்பிட்ட மருந்துகளை மட்டுமே அவர் தாமே எழுதலாம். மற்றவற்றில் டாக்டரின் மேற்பார்வை வேண்டும். டாக்டர்களின் அச்சம் இதுதான்: மேற்பார்வை என்பது காகிதத்தில் நின்றுவிட்டால், கிராமத்தான் தவறான மருந்துக்குப் பலியாவான். நியாயமான அச்சமே. செவிலியர் தலைமை தாங்குவது டாக்டரை விலக்குவதன்று. ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டர் இடம் காலியாக இருந்தால், அதனைச் சுற்றியுள்ள செவிலியர் மையங்கள் அனைத்தும் நங்கூரம் அறுந்த படகுகளே.

பஞ்சாயத்தின் பங்கு

இத்திட்டத்தில் பஞ்சாயத்துக்குத் தனி இடம் உண்டு என்பதைப் பலர் அறியார். ஒவ்வொரு துணை நிலைய மையத்திற்கும் ஜன ஆரோக்கிய சமிதி என்னும் குழு அமைக்க மத்திய அரசின் நெறிமுறை கூறுகின்றது. அதற்குத் தலைவர் கிராமப் பஞ்சாயத்துத் தலைவர். இணைத்தலைவர் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர். உறுப்பினர்-செயலர் மையத்தை நடத்தும் சமுதாய சுகாதார அலுவலர். மருத்துவரும் செவிலியரும் ஊர்த்தலைவரும் ஒரே பலகையில் அமர இதைப்போல் வேறொரு வாய்ப்பு நாம் அறிந்தவரை இல்லை. புதுச்சேரிப் பகுதியில் உள்ளாட்சித் தேர்தல் 2006இல் நடந்து, தேர்ந்தெடுக்கப்பட்டோரின் காலம் 2011இல் முடிந்தபின் நெடுங்காலம் தேர்தல் இன்றிப் போயிற்று. கேட்க வேண்டியவரின் நாற்காலி காலியாயிருந்தால் மையத்தின் குறை யார் காதிலும் விழாது. அவ்வாறான இடங்களில் மகளிர் குழுவினரும் பாசனச் சங்கத்தாரும் முன்வந்து கேட்டல் நலம்.

எதைக் கேட்பது? கட்டடத்திற்குச் சுண்ணாம்பு அடித்தாயிற்றா என்பதைக் கேட்கப் பலர் உண்டு. நாம் சொல்வது வேறு. சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்திற்கும் உரிய மாத்திரை அடுத்த மாதத்திற்கு இருப்பு உள்ளதா? இல்லையேல் நோயாளி ஒருமுறை வெறுங்கையுடன் திரும்பினால் மறுமுறை வரமாட்டார். அழுத்தம் பார்க்கும் கருவி சரியாக இயங்குகின்றதா? சென்ற மாதம் பதிவில் இருந்தோருள் எத்தனை பேர் வரவில்லை, அவர்கள் வீட்டிற்கு யார் போனார்? டாக்டரிடம் அனுப்பப்பட்டவர்கள் போய்ச் சேர்ந்தனரா, அவர் என்ன எழுதினார் என்பது செவிலியருக்குத் திரும்பி வந்ததா? இக்கடைசிக் கேள்வி மிக முக்கியம். அனுப்பிய சீட்டுக்கு மறுமொழி வராத இடத்தில் செவிலியர் இருட்டில் நடக்கின்றார். தாம் ஐயுற்றது சரியா தவறா என்று ஒருநாளும் கற்கமாட்டார்.

நேரத்தைப் பற்றியும் ஒரு சொல். காலை ஒன்பது மணிக்குத் திறந்து மாலை நான்கு மணிக்கு மூடும் மையம் வயலில் நிற்பவனுக்கு மூடிய மையமே. நடவுக்காலத்திலும் அறுப்புக்காலத்திலும் வாரம் ஒரு நாள் அந்தியில் திறந்திருக்க முடியுமா என்று குழுவில் பேசலாம். ஆனால் அந்தியில் ஒரு பெண் தனியாக அமர்ந்து பணிபுரிய வேண்டுமாயின், வாசலுக்குத் தெருவிளக்கும், உள்ளே தண்ணீருடன் கழிப்பறையும், திரும்பிப்போக வழியும் இருக்கவேண்டும். அவை சுகாதாரத் துறையின் வேலை என்று கைகழுவ வேண்டா. விளக்கும் குழாயும் பாதையும் பஞ்சாயத்தின் கையில் உள்ளவை.

திண்ணையில் இருந்த பெரியவரிடம் இவற்றுள் பாதியைத்தான் சொல்ல முடிந்தது. காலைப் புண்ணுடன் வைத்துக்கொண்டு விளக்கம் கேட்பது ஆகாது என்று, அன்று மாலையே நெடுங்காட்டு ஆரம்ப சுகாதார நிலையத்திற்குச் செல்லுமாறு வற்புறுத்தினோம். மகன் வண்டியை எடுத்தான். ஏறி அமர்ந்தபின் பெரியவர் மறுபடி திரும்பி, "அப்ப டாக்டரு எழுதிக் குடுத்தா, அடுத்த மாசத்துலேர்ந்து மாத்திரைய இங்கயே குடுப்பாங்களா?" என்றார். அதைத்தான் உங்கள் ஊரார் கேட்டு வாங்க வேண்டும் என்றோம்.